ஹெல்வெடிகாவோடு பல வருடங்கள்

போஸ்டர், விசிட்டிங் கார்டு, ஆண்டறிக்கை, கடைப் பெயர்ப்பலகை என்று என் லேஅவுட் வேலையில் பல வருடமாகக் கூடவே இருக்கும் எழுத்துரு ஹெல்வெடிகா. "இதுல என்ன சார் இருக்கு, சும்மா பிளெய்னா இருக்கே?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. ஒரே ஒரு சொல்லைப் பக்கம் முழுக்கப் பெரிதாக அடித்துக் காட்டுவேன்.

அந்த அளவில்தான் வேலைப்பாடு தெரியும். ஆங்கிலச் சின்ன 'சி', 'எஸ்' எழுத்துகளின் நுனிகள் படுக்கைவாட்டில் நறுக்கென்று முடியும். இதைப் போலவே தோன்றும் ஏரியல் எழுத்துருவில் அதே நுனிகள் சாய்வாக வெட்டியிருக்கும். பெரிய 'ஆர்' எழுத்தின் கால் கிட்டத்தட்ட நேராக இறங்கும். ஏரியலில் சரிந்து போகும். இரண்டுக்கும் எழுத்தின் அகலம் ஒன்றுதான், மாற்றிப் போட்டாலும் வரி நகராது. ஆனால் பக்கத்தின் அமைதி கலைந்துவிடும்.

1957இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் எழுத்து வார்ப்பகத்தில் எடுவார்ட் ஹோஃப்மன் வழிகாட்ட, மாக்ஸ் மீடிங்கர் வரைந்தது இது. அப்போது பெயர் நோயே ஹாஸ் குரோடெஸ்க். 1960இல்தான் ஹெல்வெடிகா ஆனது. எழுத்துக்குள்ளும் எழுத்துகளுக்கு நடுவிலும் விழும் வெள்ளையை இவ்வளவு அக்கறையோடு கவனித்த எழுத்துருக்கள் குறைவு என்பேன்.

அலங்காரம் இல்லாததால் அடுக்குவது முழுக்க நம் பொறுப்பாகிறது. சுவிஸ் வடிவமைப்பாளர் யோசெஃப் முல்லர்-புரோக்மன் சூரிச் நகரின் டோன்ஹாலே இசையரங்கக் கச்சேரிகளுக்குச் செய்த போஸ்டர்களைப் பார்த்துத்தான் இதில் எனக்குத் தெளிவு வந்தது. (அவர் அதிகம் பயன்படுத்தியது ஹெல்வெடிகாவுக்கு மூத்த அக்ஸிடென்ஸ் குரோடெஸ்க் எழுத்துரு.) இப்போது ஒரு பக்கத்துக்கு இரண்டு எழுத்தளவு, நேரான இடது ஓரம், தாராளமான காலி இடம், அவ்வளவுதான் என் கணக்கு. காலி இடத்தில் இன்னொரு போட்டோ போடச் சொல்பவர்களிடம் பொறுமையாக வாதாடுகிறேன், விடுவதில்லை.

சரி, குறைகள். சின்ன அளவில் இது சிரமம். ஆங்கிலச் சின்ன 'சி', 'இ' எழுத்துகளின் வாய், அதாவது பக்கவாட்டுத் திறப்பு, குறுகல் என்பதால், மை ஊறும் தாளில் இரண்டும் 'ஓ' மாதிரி அடைத்துக்கொள்ளும். ஆங்கிலப் பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் ஏறக்குறைய ஒரே கோடு. மின்னஞ்சல் முகவரியில் இது உண்மையான தொல்லை. 2019இல் வந்த ஹெல்வெடிகா நௌ என்ற புதிய பதிப்பில் சின்ன அளவுக்கென்றே மைக்ரோ என்ற வடிவம் இருக்கிறது. எழுத்தின் வாயும் இடைவெளியும் அதில் அகலம், கார்டு வேலைக்கு அதையே எடுங்கள்.

அப்புறம், தமிழோடு சேர்க்கும்போது இதற்குப் பொருந்தும் நெருக்கமான வரி இடைவெளியை அப்படியே தமிழுக்கும் வைக்காதீர்கள். மேல் வரியின் 'கு'வும் கீழ் வரியின் 'கி'யும் முட்டிக்கொள்ளும். தமிழ் வரிகளுக்குத் தனியாக இடைவெளியைக் கூட்டி வையுங்கள்.