ஆர்.சி. கார் பந்தயத்துக்கு ஓசை குறைந்த ஜெனரேட்டர்: ஹோண்டா ஈயூ2200ஐ

மின் இணைப்பு இல்லாத மைதானத்தில் ஆர்.சி. (ரிமோட்டில் இயங்கும் சிறிய) கார் பந்தயம் நடத்துபவர்கள் ஜெனரேட்டர் வாங்கும்போது முதலில் பார்ப்பது வாட் அளவைத்தான். என்னைக் கேட்டால், ஓசையைப் பார்த்த பிறகே வாட்டைப் பார்க்க வேண்டும். மேடையில் நின்று கார் ஓட்டுபவருக்குச் சுற்று நேரத்தைச் சொல்லும் அறிவிப்பு தெளிவாகக் கேட்க வேண்டும். தன் காரின் மோட்டார் ஒலி மாறுவதும், பல்சக்கரம் தேயத் தொடங்கும்போது எழும் மெல்லிய அரவையும் காதில் விழ வேண்டும். அருகில் ஓர் இயந்திரம் நாள் முழுவதும் உறுமிக்கொண்டிருந்தால் இவற்றில் எதுவும் நடக்காது. ஹோண்டா ஈயூ2200ஐ ஜெனரேட்டரை நான் எடைபோடுவது இந்தக் கோணத்தில்தான்.

சாதாரண ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தின் அலைவெண் எஞ்சின் வேகத்தோடு பிணைந்திருப்பதால், 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று, 60 ஹெர்ட்ஸ் என்றால் 3600 சுற்று என்று, ஒரே ஒரு சார்ஜர் ஓடினாலும் அது முழு வேகத்தில்தான் சுழல வேண்டியிருக்கிறது. இன்வெர்ட்டர் வகையில் எஞ்சின் உண்டாக்கும் மின்சாரம் முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு, பிறகு மின்னணுச் சுற்றுகளின் வழியாகச் சீரான மாறுமின்னோட்டமாக வெளிவருகிறது. ஆகவே தேவை குறையும்போது எஞ்சின் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. ஓசையும் பெட்ரோல் செலவும் கூடவே குறைகின்றன.

ஈயூ2200ஐ உச்சமாக 2200 வாட்டும், தொடர்ச்சியாக 1800 வாட்டும் தரும். எடை சுமார் 21 கிலோ, ஒருவரே தூக்கிவிடலாம். ஏழு மீட்டர் தொலைவில் கால் பங்குச் சுமையில் 48 டெசிபல், முழுச் சுமையில் 57 டெசிபல் என்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. இந்த இரண்டு எண்களில் நமக்கு எது பொருந்தும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 5000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை 5 ஆம்பியரில் ஏற்றும்போது, மின்னழுத்தம் 8.4 வோல்ட்டைத் தொடும் உச்சத்தில்கூட அது எடுப்பது 42 வாட்தான். ஒரே நேரத்தில் இரண்டு பேட்டரி ஏற்றும் சார்ஜருக்கு, இழப்பையும் சேர்த்து, ஏறக்குறைய 100 வாட். அப்படி நான்கு மேசைகள் என்றால் 400 வாட். ஈயூ2200ஐயின் கால் பங்குச் சுமை 450 வாட். நால்வர் பகிர்ந்துகொள்ளும் பிட்டுக்கு, அதாவது கார்களைத் தயார் செய்யும் இடத்துக்கு, இது அளந்து தைத்த சட்டை போல. இந்தச் சுமையில் 3.6 லிட்டர் டேங்க் எட்டு மணி நேரம் தாங்குகிறது.

இந்தக் கணக்கைக் கலைப்பது சார்ஜர் அல்ல, சூடாக்கும் கருவிகள். கம்பி உறையைச் சுருக்க யாராவது சூடான காற்றை வீசும் 1500 வாட் ஹீட் கன்னை இயக்கிய கணமே எஞ்சினின் சுருதி ஏறுகிறது. அணைக்கும்வரை மெல்லிய முனகல் இருந்த இடத்தில் அழுத்தமான இரைச்சல்தான். 60 வாட் சால்டரிங் அயர்ன் அப்படி எதுவும் செய்வதில்லை. ஆகையால் பிட்டில் சிறிய ஹீட் கன்னை மட்டுமே அனுமதிப்பது என்று குழுவாகப் பேசி முடிவு செய்துகொள்வது, விலை கூடிய ஜெனரேட்டரைத் தேடுவதைவிடப் பயன் தரும்.

பிற தயாரிப்புகளோடு ஒப்பிடும்போது டெசிபல் எந்தத் தொலைவில், எந்தச் சுமையில் அளக்கப்பட்டது என்பதைக் கட்டாயம் பாருங்கள். திறந்தவெளியில் தொலைவு இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும் என்பதால், நான்கு மீட்டரில் அளந்த எண்ணையும் ஏழு மீட்டரில் அளந்த எண்ணையும் நேராக ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 5 டெசிபல் பிழை வந்துவிடும். ஐரோப்பிய முத்திரையில் 90-ஐ ஒட்டி ஓர் எண்ணைக் கண்டு மிரளவும் வேண்டாம். அது இயந்திரம் வெளியிடும் மொத்த ஒலித் திறன், காதில் விழும் அளவு அல்ல.

நேர்ப் போட்டியாளர் யமஹா ஈஎஃப்2000ஐஎஸ்வி2. தொடர்ச்சியாக 1600 வாட், கால் பங்குச் சுமையில் 51.5 டெசிபல், 4.2 லிட்டர் டேங்க். அதில் பெட்ரோல் அளவுகாட்டி உண்டு, ஈயூ2200ஐயில் இல்லை. இறுதிச் சுற்றுக்கு முன் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டியிருப்பது உண்மையான குறைதான். இருந்தாலும் அந்த 3.5 டெசிபலுக்காகவும் கூடுதல் 200 வாட்டுக்காகவும் நான் ஹோண்டாவையே தேர்வு செய்வேன்.

வாங்கிய பிறகு வைக்கும் இடம் முக்கியம். தரமான நீண்ட கேபிளை வாங்கி, ஜெனரேட்டரை மேடைக்கும் பிட்டுக்கும் எட்ட, காற்று வீசிச் செல்லும் பக்கத்தில், புகைபோக்கி ஆட்களை நோக்காதபடி வையுங்கள். ஓசையை அடக்கப் பெட்டிக்குள் மூடுவதும், மழைக்காகக் கூடாரத்துக்குள் இழுப்பதும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உயிரைப் பறித்துவிடும். பல ஜெனரேட்டர்களில் உள்ள 12 வோல்ட் டி.சி. இணைப்பு காரின் லெட் ஆசிட் பேட்டரிக்கானது. லிப்போ சார்ஜரை அதில் இணைக்க வேண்டாம்.

தனியாகச் சென்று ஓட்டுபவருக்கு ஜெனரேட்டரே தேவையில்லை என்பது என் கருத்து. மேலே சொன்ன பேட்டரி ஒன்றின் ஆற்றல் 37 வாட் மணிதான். 1000 வாட் மணி கொண்ட பவர் ஸ்டேஷன் (தூக்கிச் செல்லக்கூடிய பெரிய பேட்டரிப் பெட்டி), இழப்பு போகப் பதினைந்து முறையாவது அதை ஏற்றித் தரும், அதுவும் ஓசையே இல்லாமல். டயரைச் சூடேற்றும் டயர் வார்மர் சேர்ந்தாலோ, மேசைகள் கூடினாலோ அது போதாது.

பந்தயங்களுக்கு இடையே வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் இயந்திரத்தில் கார்புரேட்டருக்குள் தேங்கிய பெட்ரோல் பிசினாகி அடைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ புகார்களுக்குக் காரணம். ஈயூ2200ஐயில் பெட்ரோல் வரத்தை மட்டும் தனியாக மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடலாம். கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்ததும் அது தானாக நின்றுவிடும். பந்தயம் முடிந்து சாமான்களைக் கட்டத் தொடங்கும்போதே இதைச் செய்துவிட்டால், வண்டியில் ஏற்றுவதற்குள் எஞ்சினும் ஆறியிருக்கும்.