வேலூர் பாகாயம் பக்கம் எம்.சி.ஆர் (மெத்துனு இருக்கிற மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்புக் கடை: முட்டி வீங்குற பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்காரங்க படிங்க

எனக்கு 4 வயசுல இடது முட்டி வீங்குச்சு. எங்கயாவது விழுந்திருப்பா, வளர்ற வயசு வலிதான்னு சொல்லிச் சொல்லியே மாசக்கணக்குல ஓடிப்போச்சு, அப்புறந்தான் ஜேஐஏன்னு தெரிஞ்சுது, 16 வயசுக்குள்ள ஆரம்பிச்சு 6 வாரத்துக்கு மேல நிக்கிற மூட்டுவாதம். குழந்தைங்களுக்கும் வருமான்னு இன்னும் கேக்குறாங்க. வரும்.

சின்ன வயசுல ஒரு முட்டியில மட்டும் வீக்கம் நின்னுட்டா அந்தக் காலு இன்னொன்ன விட நீளமா வளந்துடலாம். எனக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கூட. அதனால இடது முட்டிய மடக்கியே நடப்பேன், மடக்கி மடக்கி நீட்டவே வராம இறுகிப்போச்சு. ஸ்கூல்ல லேஸ் வெச்ச கருப்பு ஷூதான் போடணும்னாங்க. காலையில எந்திரிச்சா கை விரலே மடங்காது, அம்மாதான் வாசப்படியில உக்காந்து கட்டி விடுவாங்க, ஸ்கூல்ல அவுந்துட்டா அப்படியே இழுத்துக்கிட்டு நடப்பேன்.

ஏழாவது படிக்கும்போது பிசியோ அக்கா இந்தக் கடைக்கு அனுப்புனாங்க. தொழுநோய் வந்தவங்க, சுகர்காரங்களுக்கு எம்.சி.ஆர் செருப்பு தைக்கிற கடை. கடைக்கார அண்ணன் பேப்பர் மேல ஒவ்வொரு காலா நிக்க வெச்சு பென்சில்ல கோடு போட்டாரு, வீங்கின கணுக்கால் கிட்ட வந்ததும் கைய எடுத்துட்டு "வலிக்குதா பாப்பா"ன்னு கேட்டாரு. அதுவரைக்கும் எந்தச் செருப்புக் கடையிலயும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. பிசியோ எழுதிக் குடுத்த அளவுக்கு குட்டைக் காலு செருப்புல மட்டும் குதிகால ஏத்துனாரு. வெல்க்ரோ பட்டை நுனிய மடிச்சு வளையமா தெச்சுக் குடுத்தாரு, விரல் மடங்காத அன்னிக்கும் ஒத்த விரல மாட்டி இழுத்தா போதும். அன்னிக்கு வீட்டுக்கு வந்து நானே போட்டேன், நானே கழட்டினேன், பத்து தடவையாவது.

குறைன்னா, 10 நாள் ஆகும், கருப்பு பிரவுன் ரெண்டே கலர், மழையில பட்டை உரியும். ஜோடி 1,200 ரூபா குடுத்தேன் போன மாசம்.

பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறவங்க டாக்டர் இல்ல பிசியோ கிட்ட அளவு எழுதி வாங்கிட்டுப் போங்க, கண்ணால பாத்து ஏத்தச் சொல்லாதீங்க. வைத்தியம் நல்லா நடந்தா கால் வித்தியாசம் வளர வளர கொறையவும் செய்யும், அதனால பழைய அளவையே தைக்காதீங்க. இன்னொண்ணு, செருப்புக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல: ஜேஐஏ இருக்கிற பிள்ளைங்களுக்கு கண்ணு செவக்காது வலிக்காது, ஆனா கண்ணு உள்ளுக்குள்ள அழற்சி இருக்கலாம், டாக்டர் சொல்ற கண் செக்கப்ப விட்டுடாதீங்க.

மதியம் 2லேர்ந்து 4 வரைக்கும் கடை மூடியிருக்கும்.