ஒமெப்ரசோல் 20 மி.கி. கேப்சூல்: மருந்தில் குறையில்லை, போடும் நேரத்தில்தான்

பலரும் இதைக் ‘கேஸ் மாத்திரை’ என்பார்கள். வாயுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரைப்பையில் ஊறும் அமிலத்தைக் குறைப்பது மட்டுமே இதன் வேலை. அந்த வேலைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். நெஞ்செரிச்சல், உணவுக்குழாய்ப் புண், இரைப்பைப் புண் மூன்றிலும் நன்றாகவே பலன் தருகிறது. ஆனால் எப்போது போடுவது, எப்படி நிறுத்துவது என்ற இரண்டையும் அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இந்த மருந்தின் பெயர் கெடுவதும் அங்கேதான்.

அமிலம் சுரக்கும் செல்லுக்கு மூன்று பக்கமிருந்து உத்தரவு வருகிறது. சாப்பாட்டின் மணம் மூக்கில் பட்டதுமே மூளையிலிருந்து இரைப்பைக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வேலையைத் தொடங்கிவிடும். உணவிலுள்ள புரதம் இரைப்பைக்குள் வந்ததும், அதன் கீழ்ப்பகுதியிலுள்ள ஜி செல்கள் காஸ்ட்ரின் ஹார்மோனை ரத்தத்தில் விடும். காஸ்ட்ரின் பெரும்பாலும் இரைப்பைச் சுவரிலுள்ள ஈசிஎல் செல்களைத் தட்டி எழுப்பி, அவை விடும் ஹிஸ்டமின் மூலமாகத்தான் காரியத்தை முடிக்கிறது. ஃபமோட்டிடின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமின் வரும் வழியை மட்டும் அடைக்கும்; மற்ற இரண்டும் திறந்தே இருக்கும். ஒமெப்ரசோல் மூன்று உத்தரவுகளும் கடைசியில் போய்ச் சேரும் புரோட்டான் பம்பையே, அதாவது அந்தச் செல்லிலிருந்து அமிலத்தை வெளியே தள்ளும் பொறியையே, பூட்டிவிடுகிறது. அதன் பலம் இதில்தான் இருக்கிறது.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே அதனால் பூட்ட முடியும். வெறும் வயிற்றில் பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். சாப்பாடுதான் அவற்றை வெளியே வரவழைக்கும். மருந்தோ ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1 மணி நேரமே ஆகும். ஆகவே காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போட வேண்டும். போட்டபின் கட்டாயம் சாப்பிட வேண்டும். இரவு படுக்கும்போது போட்டுக்கொண்டு தூங்கிவிட்டால் பெரும்பகுதி வீண். முதல் நாளே முழுப் பலனும் தெரியாது. தினமும் போட்டால் 3 முதல் 5 நாளில் பிடிபடும். இன்று ராத்திரி எரிகிறதே என்பவருக்கு அமிலமுறிவுத் திரவம்தான் பொருத்தம்.

கேப்சூலுக்குள் இருக்கும் குருணைகளின் மேல்பூச்சு முக்கியமானது. அமிலம் பட்டால் ஒமெப்ரசோல் சிதைந்துவிடும், அதனால் குருணைகளைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. விழுங்க முடியாதவர்கள், தாங்கள் வாங்கிய தயாரிப்பின் குறிப்பேடு அனுமதித்தால், ஒரு கரண்டி ஆப்பிள் கூழில் தூவி அப்படியே விழுங்கலாம். பாலில் கலக்க வேண்டாம்.

அடுத்தது நிறுத்தும்போது வரும் சிக்கல். இரைப்பையில் அமிலம் கூடினால் அங்குள்ள டி செல்கள் சோமட்டோஸ்டேட்டின் என்ற ஹார்மோனை விட்டுக் காஸ்ட்ரினுக்குப் பிரேக் போடும். மருந்து அமிலத்தைக் குறைத்ததும் அந்தப் பிரேக் தளர்கிறது. காஸ்ட்ரின் ஏறுகிறது, ஈசிஎல் செல்கள் பெருகுகின்றன. பல வாரம் போட்டுவிட்டுத் திடீரென விட்டால், தடையில்லாத பம்புகளின்மேல் இத்தனை தூண்டுதலும் ஒன்றாக வந்து இறங்கி எரிச்சலைக் கிளப்பும். பழைய நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி மாத்திரைக்கே போகிறவர்கள் ஏராளம். பாவம், அவர்கள் மேல் தவறில்லை. இதே வகையைச் சேர்ந்த எசோமெப்ரசோலை நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்கு 8 வாரம் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களில் பலருக்கும் எரிச்சல் வந்தது. 20 மி.கி. எடுப்பவர் 10 மி.கி.க்கு இறங்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைக்கலாம். இடையில் எரிந்தால் அமிலமுறிவு மருந்து போதும். ஆனால் கடுமையான உணவுக்குழாய்ப் புண், பேரட் உணவுக்குழாய் (நாள்பட்ட அமிலத்தால் உணவுக்குழாயின் உள்படலம் மாறிப்போகும் நிலை), ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

ஒமெப்ரசோலோடு டோம்பெரிடோன் சேர்த்த கேப்சூல் வேறு பொருள். டோம்பெரிடோன், டோபமின் என்ற ரசாயனத்தின் செயலைத் தடுத்து இரைப்பையின் அசைவைத் தூண்டும். குமட்டல் இருந்தால் அர்த்தமுண்டு. வெறும் எரிச்சலுக்குத் தேவையில்லை. இதயத்துடிப்பின் தாளத்தை அது கெடுக்கக்கூடும் என்பதால் நாள்கணக்கில் தொடரும் மருந்தும் அல்ல.

ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கு ஒமெப்ரசோல் சரிப்படாது. அந்த மருந்தைச் செயல்பட வைக்கும் சிபி2சி19 என்ற நொதியை இது தடுக்கிறது. வருடக்கணக்கில் எடுப்பவர்கள் பி12, மக்னீசியம் அளவுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்கான மூச்சுப் பரிசோதனை இருந்தால் 2 வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். விழுங்கும்போது அடைப்பு, கறுத்த மலம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்த வாந்தி இருந்தால் இந்தக் கேப்சூலைப் போட்டு ஆற்றிக்கொள்ள வேண்டாம். எரிச்சல் அடங்கிவிடும், உள்ளே இருப்பது தெரியாமலே வளரும்.