தனி ஆளாக மல்டிபிளேயர் விளையாட்டு செய்பவர் பார்வையில் கோடோ 4

பலர் நெட்வொர்க் வழியாகச் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் விளையாட்டைத் தனி ஆளாக உருவாக்க முற்படுபவர், விளையாடுபவரின் கருவியில் ஓடும் பாதியையும் சர்வரில் ஓடும் பாதியையும் தாமே எழுதி, இரண்டுக்கும் இடையே எழும் முரண்களையும் தாமே கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். பெரிய குழுக்களில் பலர் பகிர்ந்துகொள்ளும் இந்தச் சுமையை ஒரு விளையாட்டு எஞ்சின் (விளையாட்டுகளை உருவாக்க உதவும் அடிப்படை மென்பொருள்) எவ்வளவு குறைக்கிறது என்பதே இந்த மதிப்பீட்டில் என் அளவுகோல். அந்த அளவுகோலில் கோடோ 4, சில முக்கியமான குறைகள் இருந்தும், நான் மனமாரப் பரிந்துரைக்கும் எஞ்சின்.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியட்ஸ்கி, அரியல் மன்சூர் ஆகிய இருவர் தொடங்கிய கோடோ, 2014இல், எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தின் கீழ் திறந்த மூலநிரலாக வெளியானது, 4.0 பதிப்பு 2023 மார்ச்சில் வந்தது. இதற்குக் கட்டணமும் இல்லை, நம் வருமானத்தில் பங்கும் இல்லை. 2023 செப்டம்பரில் யூனிட்டி என்ற மற்றொரு எஞ்சினின் நிறுவனம் நிறுவல்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் 2024இல் அதைக் கைவிட்டதை அறிந்தவர்களுக்கு, கையிலுள்ள பதிப்பின் உரிமத்தை எவரும் பின்னர் மாற்ற முடியாது என்பதன் மதிப்பு நன்கு விளங்கும்.

கோடோவில் விளையாட்டு முழுவதும் நோட் எனப்படும் அலகுகளின் மரமாக அமைகிறது. மல்டிபிளேயரும் அதே மரத்தின் மேல்தான் இயங்குகிறது. ஒவ்வொரு நோடின் மீதும் யாருக்கு அதிகாரம் என்று ஒரு குறிப்பு உண்டு. இணைந்துள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு; நாம் மாற்றாதவரை அதிகாரம் 1 என்ற எண்ணுடைய சர்வரிடமே இருக்கும். ஒரு ஃபங்ஷனுக்கு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) மேலே ஆர்பிசி (தொலைவிலிருந்து அழைத்தல்) என்ற குறிப்பை எழுதினால் அதைத் தொலைவிலுள்ள கருவியில் இயக்கலாம். இயல்பாக அதிகாரம் உள்ளவர் மட்டுமே அப்படி அழைக்க முடியும். யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று நாமே வெளிப்படையாக எழுதினால்தான் மற்றவர்களுக்கு அனுமதி கிடைக்கிறது. இது மிகச் சரியான இயல்புநிலை, ஏனெனில் தனி ஆளுக்கு ஏமாற்று வேலைகளைத் தேடித் துரத்த நேரம் இருக்காது. அனுமதி கொடுத்த பிறகு காவல் நம் பொறுப்பு: விளையாடுபவர் தாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்வதை அப்படியே நம்பாமல், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு, நகர்வைச் சர்வரே கணக்கிட வேண்டும். மல்டிபிளேயர் சிங்க்ரனைசர் என்ற நோடில், எந்தத் தகவல் யாருக்குத் தெரியலாம் என்று வடிகட்டவும் வழி இருக்கிறது. சீட்டாட்டம் செய்பவர்களுக்கு இது ஒரு வரம், ஏனெனில் எதிராளியின் சீட்டுகளைத் திரையில் மறைத்தால் மட்டும் போதாது, அவை அவருடைய கருவிக்கு அனுப்பப்படவே கூடாது.

சர்வருக்கென்று தனி மொழியோ தனித் திட்டமோ தேவையில்லை என்பதைத்தான் நான் முதன்மையாகப் பாராட்டுவேன். அதே திட்டத்தைத் திரையில்லாத முறையில் ஓடவிட்டால் அதுவே சர்வர். இரண்டாகப் பிரிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆர்பிசி அறிவிப்புகள் இரு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எஞ்சின் சரிபார்ப்பதால், ஒரு பக்கத்தில் பயன்படாத ஃபங்ஷனையும் அங்கே அறிவித்தே ஆக வேண்டும். பிரிக்காமல் இருப்பதே நல்லது.

குறைகளுக்கு வருகிறேன். இணைப்பு அறுந்து மீண்டும் வருபவரை கோடோ அடையாளம் காண்பதில்லை. அவருக்குப் புதிய எண் கிடைக்கும், பழைய எண்ணோடு அதற்கு எந்த உறவும் இராது. கைப்பேசியில் இது அன்றாட நிகழ்வு: ஓர் அழைப்பு வந்தாலோ, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ இணைப்பு போய்விடும். ஆகவே, முதல் நாளிலிருந்தே ஒவ்வொருவருக்கும் நம்முடைய சொந்த அடையாளக் குறி ஒன்றைத் தந்து, அவருடைய புள்ளிகளையும் இடத்தையும் அந்தக் குறியோடு இணைத்துச் சர்வரில் வைத்திருக்க வேண்டும். விளையாட்டு வளர்ந்த பிறகு இதைச் சேர்ப்பது பெரும்பாலும் மறு எழுத்தாகவே முடியும். எதிராளிகளைப் பொருத்தித் தருவதும், பயனர் கணக்குகளும் எஞ்சினில் இல்லை. நகாமா போன்ற திறந்த மூலநிரல் சர்வரை அதற்கென்று சேர்த்துக்கொள்ளலாம்.

பிரவுசரில் ஓட வேண்டிய விளையாட்டுக்கு வேறு கட்டுப்பாடுகள் உண்டு. கோடோவிலுள்ள ஈநெட் என்ற இணைப்பு முறை, யூடிபி என்ற நெட்வொர்க் நெறிமுறையின் மேல் இயங்குவதால் அங்கே பயன்படாது. பிரவுசர்கள் ஏற்கும் இணைப்பு முறைகளான வெப்சாக்கெட்டோ வெப்ஆர்டிசியோதான் வழி. வெப்சாக்கெட்டில் ஒரு பாக்கெட் (அனுப்பப்படும் தகவல் துண்டு) தொலைந்தால், அது மீண்டும் வந்து சேரும்வரை பின்னால் வந்தவையும் காத்திருக்கும். முறைவைத்து ஆடும் விளையாட்டுகளில் இது தெரியாது. ஓட்டப்பந்தயத்தில் உடனே தெரியும்.

சீட்டாட்டம், பலகை விளையாட்டு, நால்வர் கூடி ஆடும் கூட்டு விளையாட்டு ஆகியவற்றுக்குத் தயங்காமல் கோடோவை எடுக்கலாம். வேகமான துப்பாக்கிச் சண்டை செய்ய விரும்புபவர்களுக்கு நிலைமை வேறு: சர்வரின் பதில் வருமுன் நகர்வை ஊகித்துக் காட்டுவதும், ஊகம் தவறினால் பின்சென்று திருத்துவதும் எஞ்சினில் இல்லை, நெட்ஃபாக்ஸ் போன்ற ஆட்-ஆன்களை நாட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஓவியம் எதுவும் வரைவதற்கு முன், திரையில் வெறும் இரண்டு சதுரங்களை மட்டும் வைத்து, நெட்வொர்க்கில் செயற்கையாகத் தாமதத்தையும் பாக்கெட் இழப்பையும் புகுத்தி, நகர்வு கைக்கு இதமாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.