நிலாவெளி உப்பளமும் சீயோன் பள்ளத்தாக்கும்: 150–600 லென்ஸுடன் ஆறு ஆண்டுகள்

தொலைவிலுள்ளதைப் பெருப்பித்துக் காட்டும் 150–600 மி.மீ. சூம் லென்ஸ் ஒன்றை (எண் கூடக் கூடப் பெருப்பமும் கூடும்) ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றேன். அதன் வேலையில் பெரும்பகுதி திருகோணமலையில்தான்: பிரடெரிக் கோட்டைப் புள்ளிமான்கள், சுவாமிமலைக்கு மேலே வட்டமிடும் கடற்கழுகு, நிலாவெளி உப்பளத்து நெடுங்கால் உள்ளான்கள். ஆயினும், கடந்த புரட்டாதியில் மைத்துனர் குடும்பத்துடன் அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா பாலைவனப் பள்ளத்தாக்குகளில் பத்து நாட்கள் சுற்றியபோதுதான் அதனைச் சரியாக அறிந்தேன்.

சீயோன் தேசியப் பூங்காவின் கிழக்கே, சுரங்கப்பாதையைத் தாண்டியதும் வரும் மணற்கற் சரிவில், பாலைவனப் பெருங்கொம்பு ஆடுகள் நின்றன. நண்பகல், தூரம் ஏறத்தாழ முந்நூறு மீற்றர். எண்பது படங்கள் எடுத்தும் ஒன்றிலேனும் கண் கூர்மையாக விழவில்லை. முக்காலி வைத்தேன், ஷட்டர் வேகத்தை 1/2000 செக்கன் வரை உயர்த்தினேன், பயனில்லை. லென்ஸ் பழுதாகிவிட்டதென்றே அன்றிரவு மனம் உடைந்தேன். மறுநாள் விடியலில், சற்று நெருங்கி நின்ற ஆடொன்றின் இமைமயிரைக்கூட அதே லென்ஸ் பிரித்துக் காட்டியது. குறை இடையிலிருந்த காற்றில் இருந்தது. சுட்ட பாறையிலிருந்து எழும் வெப்பக் காற்றும் அதனைச் சூழ்ந்த குளிர்காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் படத்தின் விளிம்புகள் கரைந்துவிடுகின்றன, 600 மி.மீ. அந்தக் கானலையும் சேர்த்தே பெருப்பிக்கின்றது.

கொலராடோ ஆற்றுக்கு 142 மீற்றர் உயரத்திலுள்ள நவாஹோ பாலத்தில், இரும்புச் சட்டத்தில் அமர்ந்திருந்த கலிபோர்னியக் கொண்டோர் என்னும் பெரிய பிணந்தின்னிக் கழுகை எடுக்க 400 மி.மீ. தாராளமாகப் போதுமாயிருந்தது. 1982இல் உலகிலேயே 22 மட்டும் எஞ்சியிருந்த இனம் அது. காப்பகத்தில் வளர்த்த கொண்டோர்களை அருகிலுள்ள வெர்மிலியன் பாறைமுகப்பில் 1996இல் விடுவிக்கத் தொடங்கினார்கள். சிறகில் கட்டிய இலக்கத்தை வாசித்தபோது என் கை நடுங்கியது. கரிய இறகு, பின்னால் வெளிச்சமான வானம் என்பதால் ஒளியளவை ஒரு படி கூட்டியே எடுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இரண்டு கிலோவுக்கு அண்மித்த எடை தோளை வருத்துகின்றது. சூம் செய்யும்போது குழல் நீண்டு காற்றை உள்ளிழுப்பதால் பாலைவனத்தில் செம்புழுதியும் சேர்ந்து நுழைந்தது. ஊரிலோ எதிரி ஈரப்பதம். இரண்டாம் ஆண்டில் பூஞ்சை படர்ந்து, துப்புரவு செய்வித்தபின், சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப் புகாப் பெட்டியில்தான் வைக்கின்றேன்.

ஊர் திரும்பிப் பழைய கோப்புகளைப் புரட்டினேன். கைநடுக்கம் என்று ஒதுக்கியிருந்த உள்ளான் படங்கள் அனைத்தும் காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் எடுத்தவை. இப்போது ஆறு மணிக்கே உப்பள வரம்பில் தாழ அமர்ந்து பறவைகள் நெருங்கும்வரை காத்திருக்கின்றேன். ஒன்பதானதும் கமரா பைக்குள் போய்விடும்.