லாஸ் அல்கோதோனெஸ்: காலையில் நடந்து போய், மாலையில் புதுப் பல்லோடு திரும்பலாமா?

அரிசோனாவின் யூமா பக்கம் ஆர்.வி.யை, அதாவது வீட்டு வசதியுள்ள வண்டியை, நிறுத்திக் குளிர்காலத்தைக் கழிக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கு இந்த ஊரைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் வடகோடியில் இருக்கும் சின்ன ஊர். பெயருக்குப் பருத்தி என்று அர்த்தம். இப்போது ஊரின் பிழைப்பு பருத்தியில் இல்லை, பல்லில்தான். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான ஒரிஜினல் மெடிகேர் சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் தராது. இங்கே செலவு பெரும்பாலும் அமெரிக்க விலையில் பாதிக்கும் கீழே. அதனால்தான் இத்தனை கூட்டம். அன்றே முடிகிற வேலைக்கு ஊர் அருமை. முடியாத வேலையை அன்றே முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஆர்.வி.யைப் பார்க்கிலேயே விட்டுவிட்டுக் காரில் போவது நல்லது. 8ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில் 166ஆவது எக்ஸிட், அங்கிருந்து 186ஆம் சாலையில் தெற்கே இரண்டு மைல். ஆன்ட்ரேட் சோதனைச்சாவடிக்கு முன்னால் கெச்சான் பழங்குடியினர் நடத்தும் பெரிய கட்டண வாகன நிறுத்தம் இருக்கிறது. வண்டியை எல்லைக்குள் கொண்டுபோக வேண்டாம்: அமெரிக்க வாகனக் காப்பீடு மெக்சிகோவில் செல்லாது, பல் கிளினிக்குகளும் வாசலிலிருந்து நாலைந்து தெருவுக்குள்தான். கிளம்பும் முன் பையின் எல்லா அறைகளையும் கவிழ்த்துப் பாருங்கள். பாலைவனத்தில் சுடப் போனபோது தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டா போதும், மெக்சிகோவில் கைதாவதற்கு.

கடிகாரம் தனிச் சிக்கல். சாவடி பசிபிக் நேரப்படி காலை 6 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். ஊரும் அதே நேரம்தான். அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதே இல்லை என்பதால், குளிர்காலத்தில் யூமா ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். 9 மணி அப்பாயின்ட்மென்டுக்கு யூமா கடிகாரத்தைப் பார்த்துப் போனால் ஒரு மணி நேரம் வெறுமனே உட்கார வேண்டும், அது பரவாயில்லை. ஆர்.வி. பார்க் வேன் "2 மணிக்குக் கிளம்பும்" என்றால் எந்த ஊர் 2 மணி என்று கேட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அமெரிக்கக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் அட்டை போதும். அது தரை, கடல் வழிக்கு மட்டுமே, விமானத்துக்குச் செல்லாது. பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் நம்மூர் பெற்றோரையும் கூட்டிப் போகலாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. ஏழு நாளுக்குள் திரும்பினால் நுழைவுப் படிவத்துக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அமெரிக்க விசா பலமுறை நுழைவதற்கானதா என்று பாருங்கள். விசா முத்திரை காலாவதியானவர்கள் ஒரு பல்லுக்காக இந்த வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

எல்லையைத் தாண்டியதுமே கையைப் பிடிக்காத குறையாக அழைப்பவர்களை அங்கே ஹலாதோர் என்பார்கள்; இழுப்பவர் என்றே பொருள். அவர்கள் கமிஷனுக்கு வேலை செய்பவர்கள். முன்பே பேசி வைத்த இடத்துக்கு நேராகப் போங்கள். மருத்துவரின் 'செதுலா' எண்ணை, அதாவது தொழில் உரிம எண்ணை, கேட்டு வாங்கினால் மெக்சிகோ அரசின் இணையப் பதிவேட்டில் இலவசமாகச் சரிபார்க்கலாம். சிறப்பு மருத்துவருக்குத் தனி செதுலா உண்டு. வேர் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கிரவுன், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறைதான், இந்த ஊருக்கு மிகப் பொருத்தமான வேலை. காலையில் பல்லைச் செதுக்கி, ஸ்கேன் எடுத்து, இயந்திரத்தில் வெட்டி, பிற்பகலில் ஒட்டிவிடும் கிளினிக்குகள் உண்டு. தவறு நடக்கிற இடம் ஒன்றுதான்: கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம். நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்க்கும்போது வாய் மரத்திருக்கும், எது உயரமாக இடிக்கிறது என்று நமக்கே தெரியாது. மரப்பு விட இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். எல்லை தாண்டிய பிறகு இடித்தால் மறுபடி ஒரு பயணம். ஆகவே முதல் அப்பாயின்ட்மென்டையே வாங்குங்கள். மரப்பு விட்டதும் திரும்பிப் போய் இன்னொரு முறை நீலத்தாளைக் கடித்துக் காட்டுங்கள். நல்ல இடமாக இருந்தால் முகம் சுளிக்காமல் ஒரு நிமிடத்தில் தேய்த்துக் கொடுப்பார்கள். அதுவரை மீன் டாக்கோவைத் தள்ளிப்போடுங்கள்; மரத்த வாயோடு தின்றால் சொந்தக் கன்னத்தையே கடித்துக்கொள்வீர்கள்.

இம்பிளாண்ட் வேறு கதை. டைட்டானியத் திருகு தாடை எலும்போடு சேர மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். நவம்பரில் திருகு போட்டால் மார்ச்சில் ஊர் திரும்பும் முன் பல் பொருத்த வாய்ப்பு உண்டு. ஜனவரியில் போட்டால் பெரும்பாலும் அடுத்த குளிர்காலம்தான். "அதே நாளில் பல்" என்று எழுதியிருந்தால் அது தற்காலிகப் பல். திருகின் பிராண்டு, அளவு, லாட் எண் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். பல்லைப் பிடிக்கும் மேல் திருகின் தலை பிராண்டுக்கு பிராண்டு வேறு. அது தெரியாவிட்டால், தளர்ந்துபோன பல்லை உள்ளூர் மருத்துவரால் முடுக்கக்கூட முடியாது. எக்ஸ்ரே கோப்புகளையும் கேளுங்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடைகளும் நிறைய. ஒற்றைப் பவர் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். தூரத்துக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடியான ப்ரோக்ரசிவ் என்றால், நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபிரேமை மூக்கில் மாட்டியபடியே கண்மணி உயரத்தைப் பேனாவால் புள்ளி வைத்து அளக்கிறார்களா என்று பாருங்கள். ஃபிரேம் மேசையில் இருக்கும்போது அளப்பவரிடம் வாங்காதீர்கள். மூன்று மில்லிமீட்டர் பிசகினாலே படிக்க முகவாயைத் தூக்க வேண்டி வரும்.

மருந்துக்கடைகளைப் பற்றி எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம், ஒவ்வாமை போன்றவற்றுக்கு சீலிட்ட பெட்டியில், மூன்று மாதத் தேவைக்குள், டப்பாவோடு வாங்குவது ஒரு விஷயம். வலிமாத்திரையை உதிரியாக வாங்குவது வேறு. வடமெக்சிகோ மருந்துக்கடைகள் சிலவற்றில் உதிரியாக விற்ற மாத்திரைகளில் ஃபென்டனில் என்ற கொடிய போதைமருந்து இருந்தது 2023இல் வெளியானது. டிரமடால் என்ற வலிமருந்து அமெரிக்காவில் 2014 முதல் கட்டுப்பாட்டு மருந்து; மருத்துவர் சீட்டோடு போங்கள். மலிவு வனிலா எசன்ஸ் பாட்டிலும் ஆசை காட்டும். சிலவற்றில் டோன்கா விதையின் கூமரின் என்ற வாசனைப்பொருள் கலந்திருக்கும். அமெரிக்கா அதை உணவில் 1954இலேயே தடை செய்துவிட்டது.

திரும்பும் வரிசைதான் நாளைத் தின்னும். ஜனவரி முதல் மார்ச் வரை நடுப்பகலில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நிற்க நேரிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கு ஸ்டூல் எடுத்துப் போங்கள். சேரும் முன் கழிப்பறைக்குப் போய் வந்துவிடுங்கள். காலையிலேயே வேலை முடிந்து உடனே கிளம்பினால் நல்லது. இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல் பாருங்கள். கிரவுன்காரர்களுக்கு மாலைதான் விதி, மரப்பு விட வேண்டுமே.

மது ஆளுக்கு ஒரு லிட்டர், சிகரெட் 200. கியூபச் சுருட்டு கூடாது. மாத்திரைகளைக் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லி ரசீதைக் காட்டுங்கள். பழம், பச்சை முட்டை, பன்றி இறைச்சி எதுவும் வேண்டாம். வரிசையில் நின்றபோது உரித்துத் தின்ற ஆரஞ்சின் மிச்சம் பையில் இருந்தால் அதையும் அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். தோலோடு சேர்த்து அந்தப் பக்கத்துக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள்.