மறுபடியும் பின் சக்கரம்

நேற்று என் பேட்டரி சைக்கிள் மறுபடி பஞ்சர். மூன்று வருடத்தில் இது எட்டாவது, எட்டும் பின் சக்கரம். முன் சக்கரம் இன்றுவரை ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை. பேட்டரி சைக்கிள் வாங்கலாமா என்று நண்பன் கேட்டு ஒரு வாரமாகிறது. கையில் கிரீஸ் காய்வதற்குள் எழுதிவிடுகிறேன். நல்ல மனநிலையில் எழுதினால் இதையெல்லாம் பூசி மெழுகிவிடுவேன்.

ஆணி குத்திய ஓட்டை என்றால் கவலையில்லை. சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை ஒரு பக்கம் உருவி ஒட்டிவிடலாம். என்னுடையதில் எப்போதும் வால்வின் அடிதான் கிழியும். அங்கே பேட்ச் நிற்காது, டியூபையே மாற்ற வேண்டும், அதற்குச் சக்கரம் வெளியே வந்தாக வேண்டும். மோட்டாரோ அந்தச் சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. முதலில் பேட்டரியை எடு. ஒயரை ஃபிரேமோடு கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டேக்கை வெட்டு. மோட்டார் ஒயரின் இணைப்பைத் திருகாமல் நேராக இழு, திருகினால் உள்ளே இருக்கும் ஊசி மாதிரி கம்பி வளையும். பிறகு 18 நம்பர் ஸ்பேனர். நட்டுக்குப் பின்னால் கொக்கி வைத்த ஒரு வாஷர் வரும். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால் தொலைந்தோம். அது சரியாக உட்காராவிட்டால் மோட்டார் சுழலும் வேகத்தில் ஆக்சிலே திரும்பி ஒயரை அறுத்துவிடும். நேற்று இத்தனையும் ரோட்டோரத்தில், செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்தேன். போன தடவை ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். ஒயரைப் பார்த்ததுமே “மோட்டார் வீலா? வேண்டாம் சார்” என்று கையைக் கழுவிக்கொண்டார்.

வால்வு ஏன் கிழிகிறது? நியாயமாகச் சொன்னால் பாதிக் குற்றம் என்னுடையது. காற்று குறைந்தால் டயருக்கு ரிம்மில் பிடி போய்விடும். மோட்டார் இழுக்க இழுக்க டயர் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும், டியூபும் கூடவே போகும், வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும். வாரம் ஒருமுறை காற்றடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? காற்று குறைந்தால் பேட்டரியும் வேகமாகக் காலியாகிறது. அதுவும் தெரியும். மீதிப் பாதிக் குற்றம், இதை இப்படி வடிவமைத்தவர் தலையில்.

மற்றபடி வண்டி தங்கம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி. புதிதில் முழு சார்ஜில் 36 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 30. வெயிலில் வைக்காமல், ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுவிடாமல் பார்த்துக்கொண்டேன். மொத்தம் 9,000 கிலோமீட்டர், பெரும்பாலும் மூன்று நான்கு கிலோமீட்டர் வேலைகள். பெட்ரோல் பைக்கை அதிகம் கெடுப்பவையும் இந்தக் குட்டிப் பயணங்கள்தான். எஞ்சினும் சைலன்சரில் உள்ள புகை சுத்திகரிப்பானும் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும்.

ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைப் போட்டிருக்கவே கூடாது. இதே தூரம் லிட்டருக்கு 45 கொடுக்கும் பைக்கில் போயிருந்தால் 200 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ கரியமில வாயு என்றால் 460 கிலோ. சைக்கிள் குடித்தது சுமார் 100 யூனிட். அத்தனையும் நிலக்கரி மின்சாரம் என்றே வைத்தாலும் 100 கிலோ சொச்சம்தான். ஆக 360 கிலோ மிச்சம். பேட்டரியும் மோட்டாரும் செய்யும்போது வெளியான கரியமில வாயுவை இதில் கழிக்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. அதே வருடம் ஓர் அவசர வேலையாக 1,200 கிலோமீட்டர் விமானத்தில் போய்வந்திருந்தேன். ஆளுக்குக் கிலோமீட்டருக்குத் தோராயமாக 150 கிராம், போக வர 2,400 கிலோமீட்டர், ஆக 360 கிலோ. மூன்று வருட மிதி ஒரே டிக்கெட்டில் சரியாகப் போயிற்று! விமானம் வானத்தில் இழுத்துவிட்டுப் போகும் வெள்ளைக் கோடுகளும் சூடேற்றுமாம், அதைச் சேர்க்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை அதே ஊருக்கு ரயிலில்தான் போனேன். ஓர் இரவும் அரைப் பகலும். முதுகு வலித்தது, ஆனால் ரயிலுக்கு வால்வு கிடையாது.

நண்பனுக்குப் பதில்: வாங்காதே. வாங்கியே தீருவேன் என்றால் மோட்டார் பெடல் பக்கத்தில் இருக்கும் மாடலைப் பார். அதில் செயின் சீக்கிரம் தேயும், ஆனால் பின் சக்கரம் சாதா சைக்கிள் மாதிரி கையோடு வந்துவிடும். என்னுடையதைக் கொடுத்துவிடேன் என்று கேட்டிருந்தாய் அல்லவா? மாட்டேன். நேற்றுதான் புது டியூப் போட்டிருக்கிறேன்.